ஸ்டெப்னி புதுசுதான்... வயசு பதினொண்ணு!

உங்க கார்ல எத்தனை டயர்னு யாரையாச்சும் கேட்டுப் பாருங்க. யோசிக்காம "நாலு"ன்னு பதில் வரும். அஞ்சு சாமிகளா, அஞ்சு! டிக்கியில கோரைப்பாய்க்கும் பழைய குடைக்கும் அடியில ஒருத்தன் படுத்திருக்கான். அவனையும் காசு குடுத்துத்தான் வாங்கினோம். கார் வாங்கின நாள்ல இருந்து அவன் மூஞ்சியை நாம பார்த்ததில்ல, அவனும் வெளிச்சத்தைப் பார்த்ததில்ல.

இந்தப் பதிவு அவனைப் பத்தினது. (ஸ்டெப்னிங்கிற தலைப்பைப் பார்த்துட்டு வேற ஏதோ கிளுகிளு மேட்டர்னு ஓடி வந்தவங்க மன்னிக்கவும். இது நெஜமாவே டயர் பத்தின பதிவு :-))

சொல்ல வர்றது இதுதான். டயரை இடம் மாத்திப் போடுறதை, அதாவது ரொட்டேஷனை, நாம காசு மிச்சம் பிடிக்கிற வேலையாவே பார்க்கிறோம். அதனாலதான் கம்மியா ஓடுற கார் வெச்சிருக்கவங்க "நமக்கெதுக்கு அது, டயர் தேயவே இல்லையே"ன்னு விட்டுடறாங்க. என் கருத்து நேர் எதிர். கார் எவ்வளவுக்கெவ்வளவு கம்மியா ஓடுதோ அவ்வளவுக்கவ்வளவு கண்டிப்பா செய்யணும். அதுவும் நாலை மட்டும் இல்ல, அஞ்சையும் சேர்த்து. கிலோமீட்டர் பார்த்து இல்ல, காலண்டர் பார்த்து.

நம்ம பக்கம் ஒரு வகை கார் இருக்கு. நான் அதுக்கு வெச்சிருக்கிற பேர் 'கோயில் கார்'. ரிட்டயர் ஆனப்போ பி.எஃப். பணத்துல வாங்கினதா இருக்கும், இல்லாட்டி வெளிநாட்டுல இருக்கிற பையன் வாங்கிக் குடுத்ததா இருக்கும். வாரம் பூரா போர்வை போத்தி நிக்கும். ஞாயித்துக்கிழமை மார்க்கெட். மாசத்துக்கு ஒரு முகூர்த்தம். வருஷத்துக்கு ரெண்டு தடவை குலதெய்வம். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 3000 கிலோமீட்டர் தேறினா பெருசு. ஓனர் தினமும் காலையில காபி குடிச்ச கையோட தொடைச்சு வைப்பார். பத்து வருஷம் ஆகியும் சீட் மேல இருக்கிற பாலிதீன் உறை கிழிஞ்சிருக்காது (கிழிக்கவும் விடமாட்டார்).

அந்தக் கார் டயரைப் பாருங்க. பட்டன் எல்லாம் முழுசா இருக்கும். "எல்லாம் கம்பெனி டயரு தம்பி, வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு"ன்னு ஒரு பெருமை வேற.

சரி, அந்தக் கார் நெஜமா ஓடுறது எப்போ? மே மாசம், பள்ளிக்கூட லீவு, உச்சி வெயில். அஞ்சு பேர் உக்கார்ற வண்டியில ஏழு பேர். டிக்கி நெறைய பொங்கப் பானையும் தூக்குவாளியும். நாலுவழிச் சாலையில நூறு கிலோமீட்டர் வேகம். வருஷம் பூரா பாயில படுத்துக் கிடந்தவனைத் திடீர்னு எழுப்பி, தலையில மூட்டையை வெச்சு, ஓடுறான்னு வெரட்டுற மாதிரி. தெனமும் ஓடுற கால் டாக்ஸி டயருக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒண்ணு ரெண்டு வருஷத்துல தேஞ்சு கழட்டிப் போட்டுடுவாங்க. அதுக்குக் கெழடாக நேரமே இல்ல.

2024 மே மாசம் எங்க வீட்டு ஆளுங்க மதுரையில இருந்து திருச்செந்தூர் கிளம்பினாங்க. ரெண்டு கார். நானும் என் வீட்டு ஆளுங்களும் ஒண்ணுல முன்னாடி போயிட்டோம். பெரியப்பாவோட கோயில் கார் (2013 மாடல், அப்போ 34000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்துச்சு) பின்னாடி வந்துச்சு. அருப்புக்கோட்டை தாண்டினதும் அவங்களுக்கு முன் டயர் பஞ்சர். ஆணி. அண்ணன் எறங்கி ஸ்டெப்னியை எடுத்து மாட்டிட்டான். பெரியப்பா அந்த டயரை ஒரு எத்து எத்திப் பார்த்து "காத்தெல்லாம் கல்லு மாதிரி இருக்குடா, புது டயரு"ன்னு சர்டிஃபிகேட் குடுத்திருக்கார். கெளம்பி அதே தொண்ணூறு வேகம்.

எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி 'தட தட தட'ன்னு சத்தம். ரோடு சரியில்ல போலன்னு நெனச்சிருக்காங்க. அடுத்த நிமிஷம் டயரோட மேல் பட்டை மொத்தமா உரிஞ்சு, சக்கரத்துக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக்கைப் பிச்சு எறிஞ்சிருச்சு. வண்டி எடப்பக்கமா இழுத்துட்டுப் போயிருக்கு. அண்ணன் பதறிப்போய் பிரேக்கை மிதிக்காம, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு ஓரங்கட்டினதால எல்லாரும் தப்பிச்சாங்க. வண்டியில பெரியம்மா மடியில நாலு வயசுப் பேத்தி.

போன் வந்து நான் திரும்பிப் போனப்ப கரிசக்காட்டு நடுவுல, ஒதுங்க ஒரு வேப்ப மரம்கூட இல்லாம ஏழு பேரும் குடைக்குள்ள நின்னுட்டு இருந்தாங்க. என் கார் ஸ்டெப்னியை மாட்டலாம்னா போல்ட் ஓட்டைக் கணக்கே வேற. கடைசியில பஞ்சரான பழைய டயரை என் வண்டியில ஏத்திட்டு எட்டயபுரம் போயி ஒட்டிட்டு வந்தோம். பஞ்சர் கடை அண்ணாச்சி, உரிஞ்ச ஸ்டெப்னியைத் திருப்பிப் போட்டு, பக்கவாட்டுல கைய வெச்சுத் தடவி ஒரு எடத்தைக் காட்டினார். 0613ன்னு நாலு எண். "பதிமூணாம் வருசம் ஆறாவது வாரம் செஞ்சது. பதினோரு வருசத்துச் சரக்கு. இதைப் போயி புதுசுங்கியளே."

அந்த நாலு எண்ணை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். டயரோட பக்கவாட்டுல நீளமா ஒரு குறியீடு இருக்கும். அதோட கடைசி நாலு எண்ல முதல் ரெண்டு வாரம், பின் ரெண்டு வருஷம். 3521ன்னு இருந்தா 2021ஆம் வருஷம் 35வது வாரம் தயாரானது. 2000ல இருந்துதான் இந்த நாலு எண் முறை. அதுக்கு முன்னாடி மூணு எண்தான். உங்க வண்டியில மூணு எண் இருந்தா டயரை விட்டுட்டு ஓடிடுங்க. இதுல இன்னொரு சிக்கல், முழுக் குறியீடு பல டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்பக்கமா மாட்டியிருந்தா, சக்கரத்தைக் கழட்டாம பார்க்கறதுக்குத் தரையில படுத்துக் கழுத்தைச் சுளுக்கிக்கணும். கழட்டுறது எப்போ? ரொட்டேஷன் அன்னிக்கு. நான் இதை ஏன் காசு மிச்சம் பிடிக்கிற வேலை இல்லங்கிறேன்னு இப்ப புரியுதா?

ஓடாத டயர் எப்படிங்க கெடும்னு பெரியப்பா இன்னும் கேட்டுட்டு இருக்கார். நியாயமான கேள்விதான். ரப்பருக்கு எதிரி ரோடு மட்டும் இல்ல. காத்துல இருக்கிற ஆக்ஸிஜன், ஓசோன், வெயில், சூடு எல்லாமே எதிரிங்க. பழைய ரப்பர் பேண்ட் டிராயருக்குள்ளயே கெடந்து, எடுத்து இழுத்ததும் பட்டுனு அறுந்து போகும் பாருங்க, அதே கதைதான். வெடிப்பு விடாம இருக்க டயர் ரப்பர்லயே மெழுகு மாதிரி சமாச்சாரம் எல்லாம் கலந்திருப்பாங்க. டயர் உருண்டு வளைஞ்சு நெளியும்போது அது மேல கசிஞ்சு வந்து தோலுக்கு எண்ணெய் தடவின மாதிரி காப்பாத்தும். நின்னுக்கிட்டே இருக்கிற டயருக்கு அந்தப் பாக்கியம் கெடையாது. உள்ள அடைச்சு வெச்ச காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் வேற, கொஞ்சம் கொஞ்சமா ரப்பருக்குள்ள புகுந்து உள்ளேருந்தே அதை இறுக வெச்சுடும். கார் டயருக்குள்ள இரும்புக் கம்பிப் பட்டை இருக்கு. அதையும் ரப்பரையும் ஒட்ட வெச்சிருக்கிற பிடிப்பு தளர்ந்து போனா, வெளியில பார்க்க பளபளன்னுதான் இருக்கும். வேகமும் பாரமும் சூடும் சேரும்போதுதான் உரியும்.

எட்டயபுரத்துல நடந்ததுக்கு வயசு மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்டெப்னியில காத்தும் கம்மியா இருந்திருக்கும். டயர்ல காத்து மாசா மாசம் கொஞ்சம் தானா இறங்கிக்கிட்டே இருக்கும். பதினோரு வருஷத்துல யாரும் டிக்கியைத் தொறந்து அதுக்குக் காத்துப் பிடிச்சதா சரித்திரமே இல்ல. 32 இருக்க வேண்டிய எடத்துல 20 இருந்தாலும் எத்திப் பார்த்தா கல்லு மாதிரிதான் இருக்கும், கால்ல ஒண்ணும் மீட்டர் கெடையாது. காத்து கம்மியானா டயர் அதிகமா நெளியும், நெளிஞ்சா சூடாகும். கெழட்டு ரப்பருக்கு அந்தச் சூடு போதும்.

அமெரிக்காவுல 2000ல ஃபயர்ஸ்டோன் டயர்கள் இப்படித்தான் மேல் பட்டை உரிஞ்சு ஏகப்பட்ட விபத்தாகி, 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினாங்க. அதுக்கப்புறம் அங்க இருக்கிற சாலைப் பாதுகாப்பு அமைப்பு, வெயில் கொளுத்துற ஃபீனிக்ஸ் நகரத்துல ஓடின டயர்களை எடுத்து எப்படி வயசாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணினாங்க. வண்டியில சும்மா மாட்டியிருந்த ஸ்டெப்னிகளும் கெட்டுப் போகுதுன்னு அதுல தெரிஞ்சுது. ஃபீனிக்ஸ் வெயிலுக்கும் வேலூர் வெயிலுக்கும் பெருசா வித்தியாசம் இருக்கும்னு எனக்குத் தோணலை.

"பட்டன் இருக்கே"ங்கிறவங்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒண்ணு. 2012 செப்டம்பர்ல ஒரு இசை விழா முடிஞ்சு லிவர்பூலுக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போன பஸ் ஒண்ணு, ஹைண்ட்ஹெட் பக்கத்துல முன் டயர் வெடிச்சு மரத்துல மோதிருச்சு. டிரைவரும் ரெண்டு இளவட்டங்களும் போயிட்டாங்க. அந்த முன் டயருக்கு வயசு பத்தொன்பதரை. பஸ்ஸை விடவே டயருக்கு வயசு ஜாஸ்தி! செத்துப் போன பையனுக்கு வயசு 18. அவனை விடவும் ஜாஸ்தி. அப்போ அங்க டயர் வயசுக்குன்னு சட்டமே கெடையாது, பட்டன் ஆழம் மட்டும்தான் கணக்கு. அந்தப் பையனோட அம்மா ஃபிரான்ஸஸ் மொல்லாய் வருஷக் கணக்கா விடாம போராடினாங்க. 2021 பிப்ரவரியில இருந்து பஸ், லாரி முன் சக்கரங்கள்ல பத்து வருஷத்துக்கு மேல ஆன டயர் போடக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. கார்க்காரங்களை அந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது. நாமதான் பார்த்துக்கணும்.

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' பால் வாக்கர் 2013ல செத்துப் போன விபத்தும் ஞாபகம் இருக்கும். முக்கியக் காரணம் கண்மண் தெரியாத வேகம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த போர்ஷ் காரோட டயருக்கு ஒன்பது வயசுன்னும் விசாரணையில சொன்னாங்க. அதுவும் ஒரு வகையில கோயில் கார்தான், கோயில்தான் வேற.

அப்போ எத்தனை வருஷம்? பல கார் கம்பெனிங்க ஆறு வருஷம்ங்கிறாங்க. டயர் கம்பெனிங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் ஆள வெச்சுப் பாரு, பத்து வருஷம் ஆனா பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடு, ஸ்டெப்னி உட்படங்கிறாங்க. நம்ம வெயிலுக்கு நான் ஆறுல இருந்தே சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவேன்.

இனி ரொட்டேஷன் கணக்குக்கு வருவோம். நம்ம ஊர்ல ஓடுற சின்னக் கார் முக்காவாசி முன் சக்கரம் இழுக்கிற வண்டிங்க. இஞ்சின் பாரம் முன்னாடி, திருப்புறதும் முன்னாடி, இழுக்கிறதும் முன்னாடி, பிரேக் அடிக்கும்போது பாரம் முழுக்க சாயறதும் முன்னாடி. அதனால முன் டயர் சீக்கிரமா தேயும், பின் டயர் பென்ஷன் வாங்கின மாதிரி சும்மா உருண்டுட்டு வரும். அதான் 8000, 10000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது. ஆனா வருஷத்துக்கு 3000 ஓடுற காருக்கு 10000 வர மூணு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள சர்வீஸ் புக் எங்க போச்சுன்னே தெரியாது.

அஞ்சையும் சுத்த விட்டா எப்படின்னு சொல்றேன், ஒரு தாள்ல படம் போட்டுக்குங்க. டிரைவர் பக்க முன் டயர் டிக்கிக்குள்ள போகும். ஸ்டெப்னி வெளிய வந்து டிரைவர் பக்கம் பின்னாடி உக்காரும். அங்க இருந்தது குறுக்கா எடப்பக்கம் முன்னாடி போகும். எடப்பக்க முன் டயர் அப்படியே நேரா பின்னாடி. எடப்பக்க பின் டயர் குறுக்கா டிரைவர் பக்கம் முன்னாடி. முடிஞ்சது. இது முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு. பக்கவாட்டுல அம்புக்குறி போட்டு 'இந்தத் திசையிலதான் உருளணும்'னு இருக்கிற டயரா இருந்தா குறுக்கா மாத்தக் கூடாது, அதே பக்கத்துலதான் முன்னும் பின்னும் மாத்தணும்.

ஒரு டயர் 40000 கிலோமீட்டர் வரும்னு வெச்சுக்குங்க. நாலே நாலை ஓட்டினா 40000ல செட்டு முடிஞ்சுது, ஸ்டெப்னி அப்படியே கெழடாகிட்டு இருக்கும். அஞ்சையும் சுத்த விட்டா 50000 வரும். ஏற்கெனவே காசு குடுத்த டயர்ல இருந்துதான் அந்தப் 10000 வருது, புதுசா ஒண்ணும் குடுக்கலை. அடுத்த தடவை அஞ்சு வாங்கணுமேன்னு கணக்குல புலிங்க கேப்பாங்க. ஆமா வாங்கணும். ஆனா நடுரோட்டுல கைகுடுக்க வேண்டியவனுக்கும் மத்த நாலு பேருக்கும் எப்பவும் ஒரே வயசு, ஒரே தேய்மானம். எனக்கு அது போதும்.

முக்கியமான விஷயம், இதை அஞ்சும் புதுசா இருக்கும்போதே ஆரம்பிக்கணும். இந்தப் பதிவைப் படிச்ச வேகத்துல போயி, ஏழு வருஷமா டிக்கியில கெடந்த ஸ்டெப்னியை எடுத்து, பாதி தேஞ்ச டயர்களோட ஜோடி சேர்த்து மாட்டிடாதீங்க. அதைப் பக்கத்து ஊர் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாப் போக வெச்சுக்கலாம், அவ்வளவுதான். ஆறேழு வயசு தாண்டியிருந்தா மாத்திடுங்க.

எல்லா வண்டிக்கும் இது ஒத்து வராதுங்கிறதும் உண்மை. இப்பல்லாம் காசு மிச்சம் பிடிக்க பல மாடல்ல ஸ்டெப்னியை மட்டும் சின்ன சைஸ்ல குடுக்கறாங்க, 80க்கு மேல போகாதேன்னு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி. அதைச் சுத்த விட முடியாது. நாலு அலாய், ஸ்டெப்னி மட்டும் இரும்பு ரிம்னு இருந்தாலும் தொல்லைதான். ரிம்மோட மாட்டினா ஒரு கால்ல மட்டும் செருப்பு போட்ட மாதிரி இருக்கும், சில வண்டியில நட்டும் வேற. டயரை மட்டும் கழட்டி ரிம் மாத்தணும்னா கூலி ஏறும். அந்த மாதிரி வண்டியில நாலை மட்டும் மாத்துங்க, ஆனா அன்னிக்கு ஸ்டெப்னியை வெளிய எடுத்து தேதியும் காத்தும் பார்த்துட்டு உள்ள வைங்க. வழக்கமான அளவை விட நாலஞ்சு பாயிண்ட் கூடவே வெச்சா நல்லது, தேவைக்கு எறக்கிக்கலாம். ரோட்டுல ஏத்தத்தான் வழியில்ல.

2020ல நம்ம மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. டியூப்லெஸ் டயரு, காத்து அளவைக் காட்டுற கருவி, பஞ்சர் ஒட்டுற கிட் மூணும் இருந்தா காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லைன்னு. அண்ணா நகர்ல ஓட்டுறவங்களுக்கு ஓகே. ஆணி குத்தின ஓட்டையைப் பசை ஊத்தி அடைச்சுடலாம். பக்கவாட்டுல கல்லு கிழிச்சா எந்தப் பசையும் அடைக்காது. எட்டயபுரம் ரோட்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு மணி நேரம் நின்னு பார்த்துட்டு இந்த விதியைப் பத்திப் பேசலாம்.

டயர் கடைக்காரங்க மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ரொட்டேஷன்னு சொன்னா முன்னாடி இருக்கிறதை பின்னாடி மாத்திட்டு, அலைன்மென்ட், பேலன்சிங், நைட்ரஜன்னு பில்லை நீட்டிடறாங்க. ஸ்டெப்னின்னு ஒண்ணு இருக்கான்னுகூட கேக்கறதில்ல. கேட்டா "டிக்கியில சாமான் இருக்குண்ணே"ங்கிறான் பையன். நைட்ரஜன் ஏத்தறதுல இருக்கிற அக்கறையில பாதி காட்டினாக்கூடப் போதும்.

சக்கரத்தைக் கழட்டின அன்னிக்கு டயரை நீங்களே கொஞ்சம் பாருங்க. நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி. ஒரே ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் கோணல். அங்கங்க குழி விழுந்த மாதிரி இருந்தா ஷாக் அப்சார்பர் போச்சு. காரணத்தைச் சரி பண்ணாம சும்மா எடம் மட்டும் மாத்தினீங்கன்னா ஒரு டயர் கெடறதுக்குப் பதிலா அஞ்சும் வரிசையா கெடும். பள்ளத்துக்குள்ள குறுக்கா குட்டியா மேடு இருக்கும் பாருங்க, மீதி ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும்போது பட்டன் தேஞ்சு அந்த மேட்டோட ஒண்ணாயிடும். அது சட்டப்படி கடைசி எல்லை. புது டயர்ல கிட்டத்தட்ட 8 மில்லி இருக்கும். 1.6 வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. தண்ணியை வெளிய தள்ளுற வேலையில 3 மில்லியிலயே டயர் சோர்ந்து போயிடும். ஐப்பசி மழைக்கு முன்னாடி 3 மில்லி இருந்தா மாத்திடறதுதான் புத்திசாலித்தனம்.

மாத்தறதுன்னு வந்தாச்சு, அடுத்த சண்டை. பணமுடை, ரெண்டு டயர்தான் வாங்க முடியும். அந்தப் புதுசை எங்க போடுறது? நம்ம ஊர்க் கடையில கேளுங்க, எல்லாரும் "முன்னாடிதாண்ணே, ஸ்டியரிங் அங்கதான இருக்கு"ம்பாங்க. டயர் கம்பெனிங்க சொல்றது பின்னாடி. நானும் பின்னாடி கட்சி. தண்ணி நிக்கிற ரோட்டுல முன் டயர் பிடிப்பை விட்டா வண்டி திரும்பாம நேரா போகும். ஸ்டியரிங் லேசானது கையில தெரியும், காலை எடுத்தா வேகம் குறைஞ்சு பெரும்பாலும் பிடிச்சுக்கும். பின் டயர் விட்டா ஒரு தகவலும் வராது, பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்பக்கமா வந்து நிக்கும். ரேஸ் ஓட்டுறவங்க சமாளிப்பாங்க. நமக்கு அந்த வித்தை கெடையாது. கடைக்காரர் முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும், பின்னாடி மாட்டச் சொல்லுங்க. (அஞ்சையும் ஒழுங்கா சுத்த விட்டவனுக்கு இந்தச் சண்டையே வராது, எல்லாம் ஒண்ணா தேயும், ஒண்ணா மாத்துவான்.)

'ஸ்டெப்னி'ங்கிற பேரே ஒரு சுவாரசியம். அந்தக் காலத்துக் கார்ல மாத்துச் சக்கரமே கெடையாது. வேல்ஸ்ல லனெத்லிங்கிற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல கடை வெச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. காத்தடைச்ச டயரோட ஒரு வெறும் வளையம், பஞ்சரான சக்கரத்து மேலயே கவ்விப் பிடிக்கிற மாதிரி. தெருப் பேரே கம்பெனிப் பேராச்சு. அவங்க ஊர்க்காரங்க அந்தப் பேரை மறந்துட்டு 'ஸ்பேர்'னுட்டாங்க, நாம இன்னும் பிடிச்சு வெச்சிருக்கோம். பிரேசில்காரங்களும் அதையே 'எஸ்டெப்பே'ங்கிறாங்களாம்.

பேரை இவ்வளவு மரியாதையா காப்பாத்துற நாம ஆளை மட்டும் மறந்துட்டோம். நான் சொல்ற யோசனை ரொம்ப சிம்பிள். ஆயுத பூஜைக்கு எப்படியும் காரைக் கழுவுறோம். சந்தனம் குங்குமம் வைக்கிறோம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ஸ்டெப்னிக்கு ஒரு பொட்டு கெடையாது. அந்த வாரத்துலயே வருஷா வருஷம் ரொட்டேஷனை வெச்சுக்குங்க. பூஜைக்கு முன்னாடியே கடைக்குப் போயி அஞ்சையும் கழட்டி, தேதி பார்த்து, காத்துப் பிடிச்சு, சுத்தி மாட்டிட்டு வந்துடுங்க. கிலோமீட்டர் 3000 ஆனாலும் சரி, 300 ஆனாலும் சரி. மழைக்கும் முன்னாடி ஆச்சு, தேதியும் மறக்காது. டிக்கியில இருக்கிற குப்பையும் வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய வரும் (தொலைஞ்சு போச்சுன்னு தேடின தூக்குவாளி மூடி நிச்சயம் அங்கதான் இருக்கு).

டிஸ்கி: கடையில காத்து மெஷின் துப்பாக்கியால நட்டை 'டர்ர்ர்'னு இறுக்கி விடுவாங்க. அன்னிக்கே வீட்டுக்கு வந்து உங்க வண்டி ஸ்பேனரை வெச்சு ஒரு நட்டையாவது கழட்டிப் பாருங்க. உங்களால முடியலைன்னா கடைக்கே திரும்பிப் போயி கையால இறுக்கித் தரச் சொல்லுங்க. 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு இன்னொரு தடவை பாருங்க. அப்படியே ஜாக்கி எங்க இருக்குன்னும் தேடி வெச்சுடுங்க. பெரியப்பா கார்ல அது டிரைவர் சீட்டுக்கு அடியில இருந்துச்சாம். அன்னிக்கு ஏழு பேரும் சேர்ந்து அரை மணி நேரம் டிக்கியைக் கொடைஞ்சிருக்காங்க :-)